கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பவள்

எங்கள் வீட்டில் கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். கேட்கிறாயா, தூங்கிவிட்டாயா என்று சொல்கிறவருக்கு வேறெப்படித் தெரியும்? நானும் தம்பியும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள். தம்பி மனைவியும் அதைப் பிடித்துக்கொண்டு, தன் மகளுக்கு அப்படியே சொல்லிப் பழக்கினாள்.

போன வருஷம் தம்பி மனைவி இறந்துபோனாள். வேங்கிக்காலில், வாடகை வீட்டில், மதியம் பாயில் படுத்தபடியே. இதயம் என்றார்கள். தம்பி லாரியோடு வெளியூரில் இருந்தான். இருட்டும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதுவரை ஐந்து வயதுக் குழந்தை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவில்லை.

தம்பி அவளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டான். “அக்கா, நீ செவுத்தக்கூட பேச வச்சிருவ. இவளயும் பேச வையி.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்குத் தையல் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதியெல்லாம் பொட்டலக் காகிதத்திலும் தைக்க வருகிறவர்கள் வாயிலும் கற்றதுதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் ஒரு அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒருத்தி வாய மூடறதில்ல, ஒருத்தி தொறக்கறதில்ல. நல்லா பங்கு பிரிச்சிக்கினீங்கடி!”

சிரித்துவிட்டேன். மறுநாளே, அவளைச் சேர்த்திருந்த யு.கே.ஜி. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள்.

“இப்படியே இருந்தா ஒன்னாவதுக்கு எடுத்துக்க மாட்டாங்கம்மா,” என்றார் டீச்சர். “பேச்சு வராத பசங்களுக்குன்னு ஹாஸ்டல் இருக்கு. விசாரிச்சு வைங்க.”

பேச்சு வராத பிள்ளையா? அன்றைக்கே மெஷின் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை ஆரம்பித்தேன்.

“ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம். ம் சொல்லு கண்ணு. சொன்னாதான் அத்தை மேல சொல்லுவேன்.”

சொல்லவில்லை. நானும் விடாமல் காத்திருந்தேன். அவள் முகம் வெளிறியது. இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு என் மூக்கருகே விரலைக் கொண்டுவந்தாள். விளையாட்டு என்று நினைத்து அந்த விரலைக் கடிப்பதுபோல் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு பிளாட்பாரத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தேன். கையில் கொடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். முடிவு அங்கே இருந்தது. அதற்குப் பிறகுதான் முதல் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். நடுவில் நான் ஊசியில் நூல் கோக்க நிறுத்தியபோது உலுக்கவில்லை; தானே பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தப் புத்தகம் வந்தாலும் அப்படித்தான், கடைசிப் பக்கம் முதலில். கடையில் கிடந்த பிளவுஸ் டிசைன் புத்தகத்தைக்கூட விடவில்லை.

ஒரு நாள் மழை, கரண்ட் இல்லை, மெஷினும் ஓடவில்லை. தாய்ப்பூனை படுத்திருக்க, குட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். திடீரென்று தொண்டை கட்டிய குரலில் ஆரம்பித்தாள்.

“அம்மா படுத்துக்குனு கதை சொன்னாங்களாம். பாப்பா ம் சொன்னாளாம்.”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

“அம்மா மேல சொல்லலியாம். பாப்பா திரும்பவும் ம் சொன்னாளாம். சத்தமா ம் சொன்னாளாம். இருட்டற வரைக்கும் சொன்னாளாம்.”

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கதை சொல்கிறவள் அவள். ‘ம்’ கொட்ட வேண்டியவள் நான். எனக்குக் குரல் எழும்பவில்லை.

“அத்தை?”

அவள் விரல் என் மூக்கை நோக்கி வந்தது.

“ம்,” என்றேன்.

விரல் இறங்கியது. “அவ்ளோதான்,” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள்.

இப்போது ஒன்றாவது போகிறாள். டீச்சர் கேட்டால் பதில் சொல்கிறாளாம், கம்மியாகத்தான். கதை கேட்கும்போது மட்டும் ‘ம்’ சொல்வதே இல்லை. நானும் கேட்பதில்லை, நடுவில் நிறுத்துவதும் இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போதுகூடப் பேசிக்கொண்டே கோக்கிறேன்.