பதினெட்டாம் நம்பர் ஸ்டிக்கர்

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னானோ தெரியவில்லை. தரணிக்கு அது வந்தது மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. போன தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது. இதெல்லாம் கட்டுக்கதை என்பவர்கள் அவள் அப்பாவின் இடது கையைப் போய் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு விரல்தான் இருக்கும்.

தரணிக்கு வயது இருபத்து நான்கு. அப்பா செந்தில்வேல், பூண்டி ரோட்டில் நாற்பது மெஷின் போட்டிருக்கும் பனியன் கம்பெனி முதலாளி. அம்மா பொன்னாத்தாள் இறந்து ஒரு வருடமாகிறது. தீபாவளியன்று அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்த தரணி, அடித்தட்டில் ஒரு துணி மூட்டையைக் கண்டாள். உள்ளே கைக்குழந்தை போடும் ரோஸ் கலர் பனியன். அதன் உள்பக்கம் 17 என்று ஒரு குட்டி ஸ்டிக்கர். கூடவே பழுப்பேறிய முத்திரைத்தாள் ஒன்று.

'பாண்டியம்மாள் ஆகிய நான், வளர்க்க வழியில்லாததால், எனது ஒரே பெண் குழந்தையை செந்தில்வேல், பொன்னாத்தாள் தம்பதிக்கு மனப்பூர்வமாகத் தத்துக் கொடுக்கிறேன்.' தேதி 2001 நவம்பர் 25. கீழே, இடது கைப் பெருவிரல் ரேகை.

மனப்பூர்வமாக. அந்த ஒரு சொல்தான் அவளை அறுத்துப் போட்டது. பெற்றவள் மனதாரத்தான் தள்ளிவிட்டாளா? வெளியே ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்தது. இவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அப்பா ஒரு சாம்பிள் பெட்டியை எடுத்துவரக் கம்பெனிக்குக் கிளம்பினார். வீடு நிறைய உறவுக்காரர்கள். அங்கே வைத்துக் கேட்டுவிடலாம் என்று தரணியும் காரில் ஏறிக்கொண்டாள்.

தீபாவளிக்குத் திருப்பூர் துடைத்து வைத்ததுபோலக் காலியாகிவிடும். வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். ரோட்டில் வெடிக் காகிதம்தான் பறந்துகொண்டிருந்தது. இரண்டு பத்துக்கு அப்பா ஷட்டரைத் தூக்கினார். நான்கு நாட்களாக மெயின் ஆஃப். ஜன்னல் வெளிச்சமே போதும் என்று அவர் அதைப் போடவில்லை.

கட்டிங் டேபிளில் துணி வெட்டி அடுக்கியிருந்தது. ரோஸ் கலர்.

“இந்தக் கலரு எந்த ஆர்டர்லயும் இல்லியே...” என்றார் அப்பா.

தரணி ஒரு பீஸை எடுத்துத் திருப்பினாள். 17. அடுத்ததை எடுத்தாள். 17. பனியன் கம்பெனியில் இது நடக்கவே நடக்காது. துணியை அடுக்கி வெட்டும்போது மேலிருந்து கீழே ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நம்பர் ஒட்டுவார்கள். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் ஒரே நம்பராக இருந்தால்தான் சேர்த்துத் தைப்பார்கள். மாறினால் கலர் ஒட்டாது. ஒரு நம்பர் ஒரு உடுப்புக்குத்தான். இங்கே கட்டு முழுக்கப் பதினேழு.

டிக்...

பின்னால் எங்கேயோ ஸ்டிக்கர் ஒட்டும் கருவியின் சத்தம். மணி இரண்டு பதினேழு.

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. இவள் இனி விடுவதாக இல்லை.

“பாண்டியம்மாள் யாருங்கப்பா?”

“வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்.”

“எனக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

பளீரென்று ஓர் அறை. இருபத்து நான்கு வருடத்தில் முதல் அறை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. முடியைப் பிடித்துச் சுவரோடு மோதினார்.

“எவளோ பெத்தத நடுவூட்டுல வெச்சு வளத்தேன் பாரு, என்னையச் சொல்லோணும்!”

டிக்... டிக்... டிக்...

சுவரில் புதிதாக ஸ்டிக்கர்கள். 17. 17. 17. வரிசையாக அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. எல்லாம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்.

ஒரு சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில்...

அப்பாவின் பிடி தளர்ந்தது.

தரணியின் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. சில்லென்று, குட்டிக் குட்டி விரல்கள். வலிக்கவில்லை. டிக். அவள் புறங்கையில் 17.

அடுத்த டிக் அப்பாவின் பக்கம் கேட்டது.

அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலில் ஒரு ஸ்டிக்கர்.

18.

பிய்த்தார். வரவில்லை. நகத்தால் சுரண்டினார். தோல்தான் வந்தது.

இரண்டு இருபத்தைந்து.

கட்டிங் மெஷின் ஓட ஆரம்பித்தது.

அதன் ஒயர் தரையில் கிடந்தது. எதிலும் சொருகாமல்.

“யாரு...” என்றார் அப்பா. பின்னாலிருந்து அவர் முடியை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். முகம் டேபிளில் மோதியது. மறுபடியும். மறுபடியும். மூக்கு உடைந்த சத்தம் தரணிக்குத் தெளிவாகக் கேட்டது.

இடது கை தானாக நீண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

தரணி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அறைந்தவர்தான்... ஆனாலும் அப்பா. வெறும் காற்று அவளை நெஞ்சில் தள்ளிக் கீழே போட்டது.

கத்தி நகர்ந்தது.

மெதுவாக.

வெட்டும் ஆள் இல்லாமல்.

“வேண்டாஞ் சாமீ... தெரியாமப் பண்ணிட்டேன்...”

விர்ர்ர்...

எலும்பில் பட்டதும் சத்தம் மாறியது.

பிறகு நின்றது.

இரண்டு இருபத்தேழு.

ஆஸ்பத்திரியில் டாக்டர், துண்டான விரலைக் கொண்டுவந்தால் ஒட்டப் பார்க்கலாம் என்றார். தரணியின் மாமன் தங்கராஜ் நான்கு பேரோடு ஓடினார். டேபிள், தரை, வெட்டுத்துணி மூட்டை என்று ஓர் இடம் விடவில்லை. ரத்தம் இருந்தது. விரல் இல்லை. ரோஸ் துணியும் இல்லை.

ஆறு நாற்பதுக்குத் தரணி வீட்டுக்கு வந்தாள். புறங்கையில் 17 அப்படியே இருந்தது. நேரே பீரோவைத் திறந்து முத்திரைத்தாளைப் பிரித்தாள்.

அந்தப் பெருவிரல் ரேகையின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர். நேற்று அது இல்லை.

18.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கும் மருதம்மாளைத் தேடிப் போனாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து செக்கிங் பார்த்து, இப்போது கண் மங்கிப்போய் நின்றுவிட்டவள். பாண்டியம்மாள் என்ற பேரைக் கேட்டதும் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

“அவ ஒன்னையக் குடுக்கல தாயி. வேலை நேரத்துல முதலாளியம்மா தூக்கி வச்சிருப்பாக. அப்பறம் தரமாட்டேன்னுட்டாக. ஒரு ஞாயித்துக்கெழம, எம்புள்ளையக் குடுங்கன்னு கேக்கக் கம்பெனிக்குப் போனா. ஒன் அக்கா முத்தாயியவும் கூட்டிக்கிட்டுத்தான் போனா.”

“அக்காவா...”

“நாலு வயசுப் புள்ள. ஆத்தா கூடவே வந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ரெண்டு புள்ளைக்கும் ஒரே ரோஸ் துணியில பனியன் தச்சுப் போட்டா. ஒரே மடிப்புல வெட்டுனது, நம்பரும் ஒண்ணேதான். அன்னைக்குப் போனவுக ரெண்டு பேரும் திரும்பல. ஊருக்குப் போயிட்டாகன்னு முதலாளி சொன்னாரு. நம்பிட்டோம்.”

தரணி செல்போனில் பார்த்தாள். 2001 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. முத்திரைத்தாளை நீட்டினாள். மருதம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இது என்னத்தா, மையி?”

“என்னையப் பெத்த அம்மாவோட ரேகைங்க. இடது கைப் பெருவிரல்.”

மருதம்மாள் நிமிர்ந்தாள்.

“அவளுக்கு ஏதுத்தா இடது பெருவிரலு? இங்கிட்டு வாரதுக்கு முன்னாடியே ஒரு மில்லுல மெஷினு தின்னுருச்சு. துணியச் சுத்திக்கிட்டேதான் பீஸு அடுக்குவா. எங்களுக்கெல்லாம் தெரியும்...”

பத்திரத்தை மடித்துத் தரணியின் கையில் வைத்தாள்.

“முதலாளி எங்க கையவா பாத்தாரு? பீஸத்தானே பாத்தாரு.”