முதுகால் பார்த்த பந்தடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, போதாக்குறைக்கு இப்போது ஞாபகமும் முன்னுக்குப் பின்னாகத்தான் வருகிறது, வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மணங்கள் மட்டும் எனக்கு மறப்பதில்லை. சுறா எண்ணெய் மணந்தால் மற்றவர்களுக்கு வள்ளம் ஞாபகத்துக்கு வரும், எனக்கு வருவது பந்து. வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற அந்த எண்ணெயை என் சூசை அண்ணை தோல் பந்துக்கும் பூசி, ஈரம் ஊறாமல் வெயிலில் காயவைப்பார். அந்த மணத்துக்கு ஊர்ப் பூனைகள் எல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும். அம்மா விளக்குமாற்றோடு நின்று, "உன்ரை பந்துக்கு நான் காவல் இருக்கவோ?" என்று கத்துவார்.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. எல்லோரும் கடல் தொழில், எல்லோரும் வேதக்காரர், எல்லோருக்கும் அந்தோனியார். அவருடைய திருநாள் சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கிற ஆனி மாதத்தில் வரும். அன்று பின்னேரம் எங்கள் கோயில் பங்குக்கும் பக்கத்துக் கோயில் பங்குக்கும் ஒரு கப்புக்காகப் "பந்தடி" நடக்கும். உதைபந்தாட்டம் என்ற சொல்லை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். பக்கத்துப் பங்கின் காவல் புனிதர் யாகப்பர், அவர் குதிரையில் இருக்கிறவர். அதுதான் எங்கள் ஆட்களுக்குப் பெரிய கவலை. சூசை அண்ணை ஒருமுறை மிகவும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவையின்ரை ஆளிட்டைக் குதிரை கிடக்கு. எங்கட ஆள் பாலனைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறார். அவர் எப்பிடி ஓடுறது?"

அப்போது எனக்குப் பத்து வயது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை நான், ஆனால் மைதானத்து ஓரப் பூவரச மரத்தின் கீழ் இருந்து பந்து உருளுவதைப் பார்த்தால் எனக்குப் பசியே தெரியாது. அந்த வருடம் அண்ணையை முதல்தரம் அணியில் சேர்த்திருந்தார்கள். எப்படியாவது வெல்ல வேண்டுமே என்று நேர்த்தி வைக்கப் போனேன். அம்மா சொல்லி அனுப்பினார்: "மெழுகுதிரி எல்லாரும் குடுப்பினம். உனக்கு விருப்பமானதை விடு, அப்பதான் அந்தோனியார் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்."

எனக்கு விருப்பமானது பந்தடி ஒன்றுதான். ஆனால் நான் கொஞ்சம் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. "அந்தோனியாரே, கப் எங்கட ஊருக்கு வந்தால், அது ஊரில இருக்குமட்டும் நான் பந்தடி பார்க்கமாட்டன்" என்று சொன்னேன். எங்கள் ஆட்கள் இரண்டு வருடம் தொடர்ந்து வென்றதாகச் சரித்திரம் இல்லை. கப் எப்படியும் அடுத்த திருநாளோடு போய்விடும், ஒரு வருடத்தோடு நேர்த்தியும் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். புனிதர்களோடு கணக்குப் போடக்கூடாது என்று அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த அவசரத்தில் ஒரு வேலையை அரைகுறையில் விட்டிருந்தேன். கோல் கம்பங்களுக்குக் கட்ட எங்கள் தகப்பனார் அப்பு தன் பழைய மீன்வலையைக் கொடுத்திருந்தார். அதன் ஓட்டைகளைப் பொத்துவது என் பொறுப்பு. எல்லாவற்றையும் பொத்தினேன், பக்கவாட்டில் ஒன்றைத் தவிர. அது ஒரு சோற்றுப் பானை நுழையக்கூடிய ஓட்டை. மறுநாள் வலை ஊசியும் நூலுமாக ஓடிப்போனபோது வலையைக் கட்டி முடித்திருந்தார்கள். கம்பத்தடியில் நின்ற பெடியங்கள், "பெட்டைக்குக் கோலடியில என்ன வேலை, போ அங்கால" என்று துரத்திவிட்டார்கள். நான் ஊசியும் கையுமாகப் பூவரசின் கீழ் வந்து இருந்தேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் ஒரு கோலும் இல்லை. அண்ணை ஓரத்தால் பந்தைக் கொண்டுபோய் ஓங்கி அடித்தார். காற்று அதை வெளிப்பக்கமாக இழுத்தது. பந்து கம்பத்துக்கு வெளியால் போய், வளைந்து, நான் விட்ட ஓட்டைக்குள்ளால் வலைக்குள் விழுந்தது. கோயிலுக்குப் பிந்தி வருகிறவர்கள் பக்கத்துக் கதவால் வந்து முன்வரிசை வாங்கில் இருப்பதுபோல அது அமைதியாகப் போய் இருந்தது. நடுவருக்குக் கண் நிறைய மண். கசக்கிவிட்டுப் பார்த்தார், பந்து உள்ளே கிடந்தது. விசிலை ஊதினார்.

ஊர் முழுவதும் மைதானத்துக்குள் பாய்ந்தது. பக்கத்துப் பங்கில் கோல் காத்த கோலி நடுவரின் கையைப் பிடித்து இழுத்து, "பக்கத்தால வந்தது! ஓட்டையால வந்தது! வந்து பாருங்கோ!" என்று கத்தினான். அவன் கத்துகிற நேரத்தில் நான் செய்ததை இதுவரை எந்தப் பேப்பரிலும் எழுதியதில்லை. கோலடிக்குப் போய்க் குந்தினேன். பத்துப் பன்னிரண்டு முடிச்சு. அப்பு சொன்ன வேலையை அப்போதுதான் முடித்தேன். எல்லோரும் வந்து வலையை இழுத்துப் பார்த்தபோது ஓட்டை இல்லை. கோலி வலையை ஒவ்வொரு கண்ணாகத் தடவிப் பார்த்தான், மற்றப் பக்கத்தையும் தடவினான், பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவர்களுடைய மூப்பர் மட்டும் போகும்போது, "இனி இந்த மண்ணில எங்கட கால் படாது" என்று சொன்னார்.

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த வருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. கப்புக்கு ஆட எதிரணி இல்லாததால் அது எங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஒரு காது உடைந்தபடி சுகமாக இருந்தது, நான் நேர்த்தியில் மாட்டிக்கொண்டேன்.

மற்ற ஊர்களோடு சும்மா நடக்கிற பந்தடி நிற்கவில்லை, அதற்குப் போகாமல் இருக்க என்னால் ஏலாது. போவேன், பூவரசின் கீழ் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து இருப்பேன். சனங்கள் "ஆ" என்றால் பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டது, "ஐயோ" என்றால் எங்களுக்குக் கோல் விழுந்துவிட்டது, ஒரு சத்தமும் இல்லையென்றால் யாருக்கோ கால் முறிந்திருக்கிறது. நான் திரும்பி இருந்தால் ராசி என்று பெடியங்களுக்கு ஒரு நம்பிக்கையும் வந்துவிட்டது. தப்பித்தவறித் தலையை அசைத்தால், "பிலோ அக்கா, திரும்பிப் போடாதேங்கோ!" என்று மைதானத்துக்குள்ளிருந்தே கத்துவார்கள். பிறகு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. உலகக் கிண்ணம் நடக்கிற நாட்களில் நான் குசினிக்குள் நின்று சத்தத்தை மட்டும் கேட்பேன். பந்தடி என்று பொதுவாகச் சொல்லிவிட்டேனே, அதற்குள் கிரிக்கெட்டும் அடங்குமோ என்று சந்தேகம் வந்தது, பாதுகாப்புக்காக அதையும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் எனக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பக்கத்துப் பங்கு. வேறு யாருமல்ல, அந்தக் கோலிதான். நல்ல மனிதர். ஆனால் திருநாள் வந்தால், "ஓட்டை கிடந்தது, நான் என்ரை கண்ணால கண்டனான்" என்று தொடங்குவார். "கண்டனீர், பிறகு அந்த ஓட்டை எங்கை போனது? யாகப்பற்றை குதிரை விழுங்கினதோ?" என்று என் சொந்தக்காரர் எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். கண்மூடும்வரை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்த நேரமெல்லாம் அடுப்பில் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு சண்டை வந்து எல்லோரும் ஊரைவிட்டு வள்ளங்களில் வெளிக்கிட்ட காலம் வந்தது. அந்த அவதிக்குள் கப் என்னவானது என்று இன்றுவரை தெரியாது. பூவரசின் கீழ் சாக்கில் சுற்றித் தாட்டதாக அண்ணை சொல்கிறார். தன் சேலைக்குள் சுற்றி வள்ளத்தில் ஏற்றியதாக அண்ணையின் மனுசி, என் மச்சாள், சாகும்வரை சொன்னா. இடம்பெயர்ந்திருந்த வீட்டில் யாரோ அதால் அரிசி அளந்ததைக் கண்டதாகக் கனடாவில் இருக்கிற அண்ணையின் மகன் சொல்கிறான். திரும்பி வந்து தோண்டிப் பார்க்கலாம் என்றால் பூவரசு நின்ற இடமே தெரியவில்லை, மண்ணுக்குள் கிடந்தாலும் அது ஊரில் இருக்கிற கப்தான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார்தான். ஆனால் அவரிடம் நான் எப்படிக் கேட்பது? அவர் பாட்டுக்குக் கண்டுபிடித்து, ஊருக்கே கொண்டுவந்து தந்துவிட்டால்?

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஜெனிஸ்ரா, அண்ணையின் பேத்தி. பெண் பிள்ளைகளின் அணியில் அவள்தான் கோலி. வருகிற திருநாளில் எங்கள் மைதானத்தில் அவளுக்கு இறுதிப் போட்டி. போன கிழமை வந்து சொன்னாள்: "அப்பாச்சி, நீங்கள் கட்டாயம் வரவேணும். ஆனா முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. பிள்ளையள் என்னைக் கண்டு சிரிக்குதுகள்." எனக்கும் வயது போய்விட்டது. ஒரேயொரு ஆட்டத்தை முகத்தால் பார்த்துவிட்டுச் சாகலாம் என்று ஆசை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிய, கூச்சத்தை விட்டுப் பங்குச் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இளம் சுவாமி, சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, நேர்த்தியை நான் மாத்தித் தரலாம். பத்துச் செபமாலை சொல்லுங்கோ, போதும்."

"வேண்டாம் பாதர். நான் சொன்னது அந்தோனியாரிட்டை. இடையில ஆள் வைச்சுத் தீர்க்க எனக்கு மனமில்லை."

"அப்ப இதையும் யோசியுங்கோ. பந்து பக்கத்தால போனதெண்டால் நீங்கள் வெல்லவே இல்லை. வெல்லாத கப்புக்கு என்ன நேர்த்தி?"

இது எனக்கு இத்தனை வருடமும் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொல்லி நான் விடுபட வேண்டுமென்றால், அண்ணையின் கோலை எடுத்துவிட வேண்டும். அவர் வாழ்நாளில் போட்ட பெரிய கோல் அது ஒன்றுதான். இரண்டு நாள் அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி கேட்டார்:

"அப்ப ஓட்டையை மூடினது நீயோ?"

"ஓம் அண்ணை."

"நான் அந்தோனியார் எண்டெல்லோ இருந்தனான்!"

பந்து பக்கத்தால் போனதை அவர் அன்றே கண்டிருக்கிறார். பிறகு வலையில் ஓட்டை இல்லாததையும் கண்டு, கண்முன்னால் அந்தோனியார் புதுமை செய்துவிட்டார் என்று நம்பி, அன்று தொடக்கம் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி ஏற்றி வருகிறார். "இவ்வளவு வருசமும் ஏத்தின மெழுகுதிரி எல்லாம் உனக்கோ பிலோ ஏத்தினனான்?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

முந்தநாள் தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நல்லா யோசிச்சுப் பார்த்தனான். ஓட்டையை விடப் பண்ணினதும் அவர்தான், உன்னைக்கொண்டு பொத்துவிச்சதும் அவர்தான். விசில் ஊதினது ஊதினதுதான். கோல், கோல்தான்."

"அப்ப என்ரை நேர்த்தி?"

"அதுவும் கிடக்குத்தானே. கப் எங்கையெண்டு தேடிப் பார்."

நேற்று மைதானத்துப் பக்கம் போய் வந்தேன். இப்போது பந்துக்கு எண்ணெய் பூசுவதில்லை, அதற்கு ஒரு மணமும் இல்லை. கோல் வலை கடையில் வாங்கியது, என் வழக்கத்துக்கு நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. பக்கத்துப் பங்கோடு இருந்த கோபத்தையும் காணவில்லை. இரண்டு பங்கிலும் சனம் குறைந்து, இரண்டையும் சேர்த்தால்தான் பதினொரு பிள்ளைகள் தேறுகிறார்கள். ஜெனிஸ்ரா போடுகிற சட்டையில் அந்தோனியாரும் இருக்கிறார், குதிரையோடு யாகப்பரும் இருக்கிறார்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். அன்று காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, முடிச்சுப் பத்தா பன்னிரண்டா என்பதை அந்த நாள் ஆட்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துத் திருத்துங்கள். ஓட்டை இருந்தது என்பதை மட்டும் திருத்த வேண்டாம், என் மனுசன் சொன்னது உண்மை. மற்றது, ஒரு காது உடைந்த வெள்ளிநிறக் கப் ஒன்று கனடாவிலோ வேறெங்கோ யார் வீட்டிலாவது இருந்தால், திருநாளுக்கு முன் ஒரு சொல் அறிவியுங்கள். அனுப்பிவிட வேண்டாம், தயவுசெய்து அங்கேயே வைத்திருங்கள். அது ஊரில் இல்லை என்று தெரிந்தால் போதும். கதிரையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று நான் முதலே பார்த்து வைக்க வேண்டும்.