மூன்றாவது கேள்வி

எங்கள் அலுவலகம் திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. அப்போது நிலக்கோட்டைப் பூ வியாபாரிகளுக்காக ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தோம். காலையில் எல்லோரும் வட்டமாக நிற்போம். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் பேச்சு நீளும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எங்கே சிக்கியிருக்கிறாய் என்று மூன்று கேள்விகள். ஒருவர் சிக்கினால் மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு என் பதில் எப்போதும் "ஒண்ணும் இல்ல"தான். குழுவில் மூத்தவன் நான். சிக்கிக்கொண்டேன் என்று சொன்னால் மானம் போகாதா?

சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். முதல் வாரமே கொஞ்சமும் கூச்சமில்லாமல், "எனக்கு இந்த இடம் சுத்தமாப் புரியல. யாராச்சும் செத்த நேரம் வந்து பாருங்களேன்" என்றாள். ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து அவள் மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம், சிரிப்பு, காகிதத்தில் மடித்த வடை. வடையில் எனக்கும் ஒரு பங்கு வரும். அதைத் தின்னும்போதும் வயிறு எரியும். தெரியாது என்று சொல்பவளுக்கு இத்தனை பேரா? எல்லாம் தெரிந்த என் பக்கம் ஒரு நாயும் எட்டிப் பார்ப்பதில்லையே!

மல்லிகை விலை ஒரே காலைக்குள் பலமுறை ஏறி இறங்கும். செயலியில் விலை காட்டும் என் பகுதியோ பழைய விலையையே பிடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு தேடியும் பிழை அகப்படவில்லை. மறுநாள் வியாபாரிகள் முன்னால் செயலியை ஓட்டிக் காட்டியாக வேண்டும். தவறான விலை வந்தால் மொத்தக் குழுவின் பெயரும் கெடும்.

வட்டத்தில் என் முறை வந்தது. வேறு வார்த்தை வராமல், அவள் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகியதே வாயில் வந்தது. "எனக்கு ஒரு இடம் சுத்தமாப் புரியல. யாராச்சும் செத்த நேரம் வந்து பாருங்களேன்."

வட்டமே கொல்லென்று சிரித்தது. "அண்ணன் அவளை மாதிரியே பேசுறாருப்பா!" என்றான் ஒருவன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

எல்லோரும் இடத்துக்குப் போன பிறகு அவள் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, நெசமாவே சிக்கிருக்கீங்களா?"

"சும்மா சொன்னேம்மா. நீ போய் வேலையப் பாரு."

அவள் நாற்காலியோடு திரும்பிப் போனாள். திரையில் பழைய விலையே நின்றுகொண்டிருந்தது.