வாயுள்ள ஜீவன்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பார். கோபம் வந்தால் ‘ஏய்’. நல்ல மனநிலையில் இருந்தால் ஒன்றுமே சொல்லமாட்டார். ஆள் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வேலை விட்டு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். “உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவளும் தலையாட்டுவாள். தங்கம் பேசாதுதானே.

அவருக்கு மிருகக்காட்சிசாலையில் கரடிக் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வெந்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை எதிரெதிராக இரண்டு பேர் நின்று உதறி, இழுத்து, நான்காக மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். அந்தச் சூட்டில் நின்று நின்று அவளுடைய முழங்கை வரை ரோமமே முளைப்பதில்லை.

வருடத்துக்கு ஒரு நாள் மிருகக்காட்சிசாலையைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, ஊழியர்களின் குடும்பத்தை மட்டும் உள்ளே விடுவார்கள். இத்தனை வருடத்தில் அவர் அதை வீட்டில் மூச்சுவிட்டதில்லை. இந்த வருடம் வாயில்காப்பவரின் மகள், பள்ளிக்கூடத்தில் இவர்கள் மகளிடம் போட்டு உடைத்துவிட்டாள்.

“அங்க என்ன இருக்கு? நாத்தம்தான்” என்றார் அவர்.

“உங்க சட்டையில அந்த நாத்தத்தைத்தானேப்பா தினமும் துவைக்கிறோம். ஒரு நாள் நேர்ல பார்த்துக்கிறோமே” என்றாள் மகள். பதினைந்து வயது, வாய் நீளம். தம்பிக்காரன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

உள்ளே போனதும் அவர் பத்தடி முன்னால் நடந்தார், யாருடனோ வந்தவர்போல. பையன் ஒட்டகச்சிவிங்கியை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டான். குரங்குக் கூண்டில் ஒரு பெண் குரங்கு தன் ஆண் குரங்கின் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண் குரங்கு கொட்டாவி விட்டது. “எல்லா வீட்டுலயும் இதே கதைதான்” என்று அவள் சொல்ல, மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கரடி வீட்டுக்குப் பின்பக்கமாக அழைத்துப் போனார். இருட்டான சிமெண்டு நடை, இரும்புக் கம்பி, ஈரத் தரை, அழுகிய தர்பூசணி வாசனை. “இங்கேயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கம்பி ஓரமாகப் போய்க் குந்தினார்.

“என்னடி ராசாத்தி, கோவமா? இன்னைக்கு லேட்டாயிடுச்சு கண்ணு. இங்க பாரு, யார் வந்திருக்கா? பாதம் இன்னும் வலிக்குதா? காட்டு, அப்பன் பார்க்குறேன். என் செல்லம்ல…”

அந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. பஞ்சில் சுற்றி எடுத்து வைத்த மாதிரி இருந்தது. கரடி எழுந்து வந்து பாதத்தைக் கம்பி வழியாக நீட்டியது. அவர் ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்து ஊதினார்.

“அம்மா, அப்பாவுக்கு இவ்வளவு வார்த்தை தெரியுமா?” என்றாள் மகள்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்த நேரம் தீவனக் கிடங்குக்காரர் ஒரு வாளியோடு வந்தார். நல்ல மனிதர், நாக்குக்கு மட்டும் பூட்டில்லை. “அக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தரைப் பார்க்க முடியாது. போன வருஷம் பெருமழையில மதில் சரிஞ்சுதே, அந்த வாரம்தான் இதுக்குக் கடைவாய்ப்பல்லை எடுத்தாங்க. நாலு நாள் மனுஷன் இந்த இடத்தை விட்டு அசையல. ஆபீசரே, ‘நீ வீட்டுக்குப் போப்பா, வேற ஆள் போடுறேன்’னாரு. கேட்டாத்தானே? தேன் தண்ணியைக் கரண்டியால ஊட்டினாரு. பெத்தவகூட அப்படிப் பார்க்கமாட்டா!”

பெருமழை வாரம். அவள் மறக்கக்கூடிய வாரமா அது? கருப்பையை எடுத்துவிட்டுப் பெண்கள் வார்டில் கிடந்தாள், தன் கையால் மடித்த விரிப்பின் மேலேயே. முதல் நாள் கொண்டுவந்து விட்டவர், “லீவு தரமாட்டேங்குறாங்க” என்று போனவர்தான். இரண்டாம் நாள் பக்கத்துக் கட்டிலில் போனை இரவல் வாங்கி, “ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன், பயமா இருக்கு” என்று சொன்னாள். “நான் என்ன பண்றது, விடமாட்டேங்குறாங்களே” என்றார். சலவைக்கூடத்தில் எதிரே நின்று விரிப்பு பிடிப்பவள்தான் வேலைக்கு நடுவே ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு நடத்திப் போனாள்.

மத்தியானம் மரத்தடிப் பெஞ்சில் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் வாத்துக் குளத்துக்கு ஓடிய பிறகு கேட்டாள்.

“லீவு குடுக்கலன்னு சொன்னீங்க.”

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். எந்த லீவு என்று கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

“அது வாயில்லா ஜீவன். வலின்னாக்கூடச் சொல்லத் தெரியாது. உனக்கு என்ன, ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சவங்க.”

“எனக்கு வாய் இருந்துச்சு. கூப்பிட்டேனே.”

அவர் டப்பாவை மூடினார். “தீனிக்கு நேரமாச்சு” என்று எழுந்து போனார். போகிற வேகத்தில் ஒரு குற்றவுணர்ச்சி தெரிகிறதா என்று அவள் பார்த்தாள். வழக்கமான நடைதான்.

இடையில் வந்தது வேறொரு பெண் என்றால் அவள் தலைமுடியைப் பிடித்திருக்கலாம், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இதைச் சக்களத்தி என்று திட்டக்கூட வழியில்லை. பாவம், அது நாலு சுவருக்குள் வலியோடு கிடந்தது. ஒருவர் வந்து பார்த்தார். அன்பே இல்லாத மனிதர் என்று நினைத்திருந்தவரைக்கும் அவளுக்கு ஆறுதல் இருந்தது. இல்லாததை எங்கிருந்து கொடுப்பார் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். இப்போது அந்தத் தேறுதலும் போயிற்று.

பேருந்தில் பையன் அவள் மடியில் தூங்கிப்போனான். மகள் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கிடங்குக்காரர் பேசும்போது அவளும் பக்கத்தில்தான் நின்றாள், கணக்குப் போட்டிருப்பாள்.

மறு வாரம் அவள் சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் விடியற்கால வேலைமுறை கேட்டாள். வீட்டில் சமைத்துக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பத்து வருடமாக வேண்டாமென்று தள்ளிய முறை. பிள்ளைகளுக்கு மட்டும் முந்தின நாளே செய்து எடுத்து வைத்தாள். அவர் கண் விழிக்கும் முன் அவள் சலவைக்கூடத்தில் மூன்றாவது விரிப்பு மூட்டையைப் பிரித்திருப்பாள்.

எட்டாம் நாள் மகள் சொன்னாள்: “அப்பா கேட்டாரும்மா.”

அவள் சட்டென்று திரும்பினாள். “என்னன்னு?”

“காலையில டீ இனிமே யாரு போடுறதுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியலன்னேன். நான் போடட்டுமான்னு கேட்கல.”

“கேட்காதே” என்றாள் அவள்.

அவர் முனைக்கடையில் டீ குடிக்கப் பழகிக்கொண்டார். ஏன் இப்படி என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.