கழுவிக் கொடுத்த கெண்டை

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அங்கே கண்மாய்க்கு என் வீட்டுக்காரர்தான் நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அந்த வேலைக்கு ஊர் கொடுத்த நெல்லில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அந்த வருசம் கோடைக்கு முன்பே கெண்டைகள் செத்து மிதந்தன. கண்மாய் மீனைத் தனி ஆள் தொடக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் ஊர்ப் பெரியவர் துண்டை வீசுவார், அதன் பிறகு எல்லோரும் கூடையோடு இறங்குவோம். மலையில் கிடைக்கும் நஞ்சுக்காயை இடித்துக் கலக்கினால் மீன் மயங்கி மிதக்கும். கரையிலேயே கிடப்பவர் என் வீட்டுக்காரர். அவர்தான் முந்திக்கொண்டு கலக்கிவிட்டார் என்று கீழமடையில் வயல் வைத்திருந்த ஒருவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் வேலையைப் பறித்துவிடுவார்கள் என்ற நிலை.

மீன் துறை அதிகாரி ஒருவர் உத்தமபாளையத்தில் வந்து தங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் நடந்தே போய், வந்து பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். சாகிற நிலையில் ஒரு கெண்டை பிடித்து வைக்கச் சொன்னாராம். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் மீனைக் கொண்டுவந்து, "அதிகாரிக்கு. பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரிய மனுசருக்குப் போகிற மீன். செவுளைப் பிடுங்கி, குடலெடுத்து, செதில் சீவி, கல்லுப்புப் போட்டு ஐந்து தண்ணீரில் அலசி வாழையிலையில் வைத்தேன். செவுளில் குருணை அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன்.

அதிகாரி வந்து வாசலில் பூதக்கண்ணாடியை வைத்தார். நுண்ணோக்கியை அன்று அப்படித்தான் சொன்னோம். பெரியவரும் கீழமடைக்காரரும் கூட வந்திருந்தார்கள். இலையைப் பிரித்த அதிகாரி, "செவுள் எங்கப்பா?" என்றார்.

"பாத்தீகளா," என்றார் கீழமடைக்காரர். "நஞ்சு தங்குற எடத்தப் பிச்செறிஞ்சிட்டு மீன மட்டும் காட்டுறாக."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளி ஆம்பளைகள் முன்னால் அதுவரை நான் பேசியதில்லை. கொல்லைக்குப் போனேன். வாழையடியில் கோழிகள் குடலைத் தின்று முடித்திருந்தன. ஒரு செவுள் மட்டும் கிடந்தது. அதை ஓட்டுத்துண்டில் எடுத்து வந்து அவர்கள் நடுவில் வைத்தேன்.

"நாந்தான் பிடுங்குனேன். கொழம்புக்குன்னு நெனச்சுட்டேன்."

"மசாலா தடவாம விட்டியே ஆத்தா," என்றார் பெரியவர்.

அதிகாரி ஒரு குருணையைச் சுரண்டி இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நசுக்கி, குனிந்து பார்த்தார். பார்த்ததைத் தாளில் வரைந்து மடித்துப் பெரியவர் கையில் கொடுத்தார். பிறகு கீழமடைக்காரரைப் பார்க்கச் சொன்னார்.

"என் கண்ணு முடிதேன் தெரியுது."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். "பரங்கி வெதையாட்டம் நெறையக் கெடக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நுனியில ரெண்டு புள்ளி."

பெரியவர் தாளைப் பிரித்தார். அதிலும் அதேதான்.

அது கெண்டையின் செவுளில் தங்கி வளரும் உயிர் என்றார் அதிகாரி. கண்ணுக்குத் தெரியாத அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்ததுதான் அந்தக் குருணை. அது அடைத்துக்கொண்டால் மீனுக்கு மூச்சு முட்டும்.

"நஞ்சுன்னா கெளுத்தியும்ல மெதந்திருக்கும்," என்றார் பெரியவர். கீழமடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், செத்த மீனைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க எங்கே குழி வெட்டுவது என்பதை மட்டும் பேசினார்கள்.

புறப்படும்போது அதிகாரி, "நீங்களும் பாருங்கம்மா" என்றார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இனிமே ஆபீசருக்குன்னு எதக் குடுத்தாலும் கழுவாத."

"எதுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல," என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார்.