மெசின் கழற்றப் பழகியது

பண்டத்தரிப்பில் எங்கள் வெங்காயத்துக்குப் பங்குக் கிணற்றுத் தண்ணீர்தான். பங்குகாரருக்குள் முறை வைத்து இறைப்போம். எங்கள் முறையன்று தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடாவிட்டால் அந்த முறை போனதுதான். அடுத்தது வருமட்டும் பயிர் வாட வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிய பிறகு, மெசின் மக்கர் செய்யும்போதெல்லாம் வெளியாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு அந்நியரிடம் வாய் திறப்பதே பெரும்பாடு.

அதனால், மாதர் சங்கத்தில் மெசின் திருத்தும் வகுப்புத் தொடங்கியபோது நானும் போனேன். தலை நரைத்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, உறுப்புகளின் இங்கிலிஷ் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. கழற்றியதைத் திரும்பப் பூட்டினால் ஏதாவது ஒரு வளையம் மிஞ்சிக் கிடக்கும். “இனி வரமாட்டன் மாஸ்டர்” என்று சொல்லத்தான் ஒவ்வொரு கிழமையும் போவேன். எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். பேசாமல் இருந்து, இன்னொரு தடவை கழற்றிப் பூட்டிவிட்டு வருவேன். விடாமுயற்சி என்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் இவர் விடமாட்டார்.

“என்னப்பா, இண்டைக்கும் மிஞ்சினதோ?”

“ஓம்.”

“சேர்த்து வை. மிச்சத்திலையே புது மெசின் ஒண்டு பூட்டலாம்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்தபடி அடுத்த கிழமையும் போவேன். ஒருநாள் பூட்டி முடித்து, உறுப்புகளைப் பரப்பியிருந்த சாக்கைப் பார்த்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. மாஸ்டர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீடு வரைக்கும் எங்கும் இறங்கி உருட்டாமல் சைக்கிளை மிதித்தே வந்தேன்.

பிறகு எங்கள் முறையன்று மெசின் இருமி நின்றுவிட்டது. எங்களுக்கு அடுத்த முறைக்காரர், என்னிலும் மூத்தவர், தன் மெசினோடும் குழாயோடும் வந்து வரம்பில் குந்திவிட்டார்.

“ஆரையும் கூப்பிடட்டோ, பிள்ளை?”

“வேண்டாம் அண்ணை.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, பெற்றோல் இறங்கும் பாகத்தைக் கழற்றினேன். ஊசித் துவாரத்தில் தூசி அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி, ஊதி, பூட்டிக் கயிற்றை இழுத்தேன். மெசின் பிடித்துக்கொண்டது.

ஆனால் நேரம் போய்விட்டது. பாதிப் பாத்தி காய்ந்து கிடந்தது. இனி அவருடைய நேரம். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

“அண்ணை, மிச்சத்தையும் இறைக்கட்டோ? கொஞ்சம் பொறுப்பியளோ?”

“இறை பிள்ளை, இறை. என்ரை மெசினிலை மட்டும் கை வைச்சிடாதை.”

கடைசிப் பாத்தி நனையும் வரை அவர் வரம்பில் இருந்து வெற்றிலை போட்டார். அவருடைய கத்தரிக்கு அன்று மத்தியானத்துக்குப் பிறகுதான் தண்ணீர்.