நடுவில் மைனஸ்

அண்ணி இறந்துபோன ஆறு மாதத்தில் அண்ணன் சிரித்து நான் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பரணைச் சுத்தம் செய்யும்போது எங்கள் சின்ன வயது வீடியோ கேம் கிடைத்ததாம். கையில் பிடித்து ஆடுகிற, செங்கல் மாதிரி கனக்கிற பழைய சாமான். "நீ அடாப்டர் கம்பெனிலதான கீற, வந்து பாரு" என்று போன் செய்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அடாப்டர்களை டெஸ்ட் செய்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. சேக்காட்டில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அதை மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது எங்கள் இருவருக்கும் சேர்த்து. நான் ஒரு நாளும் தொட்டதில்லை. திரையில் வெளிச்சம் கிடையாது. கரண்ட் போனால் டார்ச் பிடிக்க மட்டும் நான் வேண்டும். கை ஆடினால் மண்டையில் குட்டு. "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி இது?" என்பான். முப்பது வருடம் ஆகியும் எனக்கு அந்தக் கடுப்பு ஆறவில்லை.

பேட்டரி போடும் இடத்து ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. அடாப்டரை விட்டால் வழியில்லை. வீட்டில் கிடந்த மூன்றைத் தரையில் பரப்பி, மீட்டரோடு உட்கார்ந்திருந்தான். ஆவடியில் ஒரு ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிற எலக்ட்ரீசியன் அவன். ஒன்று பன்னிரண்டு வோல்ட். இன்னொன்றின் முனைப் பின் கேமின் ஓட்டையில் நுழையவில்லை. மூன்றாவது சரியாகக் கேமுக்கு வேண்டிய ஆறு வோல்ட், பின்னும் பொருந்தியது. முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான்.

கேமின் ஓட்டைக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு படம் இருந்தது. நடுப்புள்ளியில் மைனஸ். அடாப்டரில் இருந்த படத்தில் நடுவில் பிளஸ். அதை அவனும் பார்த்துவிட்டான்.

"இது இன்னாடி, தலகீழா கீது? மோட்டார்ல ஒயர மாத்திக் குடுத்தா ரிவர்ஸ்ல சுத்தும், அவ்ளோதான். இன்னா சொல்ற?"

இதில் சுற்ற என்ன இருக்கிறது? உள்ளே எல்லாம் வெந்துவிடும். எங்கள் கம்பெனி லைனில் நேற்றுச் சேர்ந்த பெண்கூடச் சொல்லிவிடுவாள்.

"உனக்குத் தெரியாததாண்ணா?" என்றேன்.

அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பின்னைச் செருகினான். சுவிட்சுக்குப் போகும் முன் கேமை என் மடியில் வைத்தான்.

"மொத ஆட்டம் நீ ஆடு. அப்போ உனக்குத் தரவேல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிச்சை போடுகிறானா என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. பொத்தான்மேல் கட்டைவிரல்களை வைத்துக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டான். திரை ஒருமுறைகூட மினுங்கவில்லை. உள்ளங்கையில் சூடு ஏறியது, பிறகு பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். பதறி ஓடிவந்து பிடுங்கினான், என் கை சுட்டதா என்றுதான் முதலில் பார்த்தான். சுடவில்லை. கேமை மூக்கருகில் வைத்து முகர்ந்தான், ஆட்டிப் பார்த்தான், திரையைச் சட்டையால் துடைத்தான்.

"பழசுல்ல, அதான் பூட்ச்சி" என்றான். "நீ பக்கத்துலதான இருந்த. தப்பா இருந்தா சொல்லிருப்ப இல்ல?"

"சொல்லிருப்பேண்ணா" என்றேன்.